காபி பில்டரைத் தினமும் கழுவுகிறோம், மூச்சு பில்டரை?

நம் சங்க அன்பர்களில் பலருக்கு என் குறட்டையைப் பற்றித் தெரியும். சங்கத்தின் ஆண்டு விழா நாடகங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் தூங்கியதும், வசனம் பேசிக்கொண்டிருந்தவர் என் குறட்டையைக் கேட்டுத் தடுமாறியதும் பழைய கதை. இப்போது அந்தக் கதை முடிந்துவிட்டது. ஏழெட்டு ஆண்டுகளாக நான் இரவில் மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டிக்கொண்டு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குகிறேன். அதன் பெயர் சிபேப். உறக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும் நோய்க்கு, டாக்டர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்லும் நோய்க்கு, அதுதான் மருந்து.

இந்தக் கட்டுரை அந்த நோயைப் பற்றியதல்ல. அந்த இயந்திரத்தைப் பற்றியதும் அல்ல. அதன் பின்புறத்தில், ஒரு சின்ன மூடிக்குள், தபால்தலையைவிடச் சற்றுப் பெரியதாக ஒளிந்திருக்கும் ஒரு வெள்ளைத் துண்டைப் பற்றியது. அதுதான் பில்டர். அதை அவ்வப்போது எடுத்து எறிந்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். பதினாறு மாதங்கள் அதை மாற்றாமலிருந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

2018 ஜூலையில் இயந்திரம் வாங்கினேன். அதற்கு முன் ஒரு நாள் இரவு முழுவதும் உடம்பெல்லாம் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். மூச்சு பத்து வினாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கிடுவார்களாம். மூச்சு குறிப்பிட்ட அளவு குறைவதையும் சேர்த்து, மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமையானது. எனக்கு நாற்பத்தொன்று. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை நான் மூச்சுக்குத் திணறியிருக்கிறேன். எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். இருபது ஆண்டுகளாக அவள் என் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள்.

ரூ.48,000 கொடுத்து வாங்கிய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்த இளைஞர், பொத்தானை அழுத்துவது, மாஸ்க்கை மாட்டுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பில்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடவே ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பல மொழிகளில். தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியன் நான். ஆயிரம் சுற்றறிக்கைகளைக் கடைசி வரி வரை படித்தவன். என் உயிர் மூச்சு சம்பந்தப்பட்ட புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையதுதான்.

முதல் சில மாதங்கள் சொர்க்கம். பகலில் தூக்கமில்லை, காலையில் தலைவலி இல்லை. ஓராண்டுக்குப் பின் மெல்ல மெல்ல ஏதோ மாறியது. காலையில் மூக்கடைப்பு, தொண்டையில் வறட்சி, மாஸ்க்கைப் போட்டவுடன் பழைய ரஸ்தா ஓரத்துத் தூசி வாசனை. முன்பு மின்விசிறிச் சத்தத்தில் காணாமல் போன இயந்திரம் இப்போது முனகத் தொடங்கியது. "உங்களுக்குப் பதிலா இப்ப மிஷின் குறட்டை விடுது" என்றாள் மனைவி. வயசாகிவிட்டது, இயந்திரத்துக்கும் சரி, எனக்கும் சரி என்று விட்டுவிட்டேன்.

பிறகு 2019 நவம்பர் வந்தது. தில்லியில் இருப்பவர்களுக்கு அந்த நவம்பரை நினைவூட்ட வேண்டியதில்லை. தீபாவளி முடிந்த சில நாட்களில் புகைமூட்டம் சூழ்ந்து, மாத முதல் தேதியன்று பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்களே, அந்த நவம்பர். ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். அந்த வாரம் எங்கள் வீட்டுக் குடிநீர் பில்டரைச் சர்வீஸ் செய்ய பீகார்க்காரப் பையன் ஒருவன் வந்தான். பழைய காண்டிலைக் கழற்றி, அதன் நிறத்தைக் காட்டி, "தேகியே அங்கிள்ஜி" என்று என்னைப் பயமுறுத்திவிட்டுப் புதியது போட்டான். போகிற வழியில் திறந்திருந்த படுக்கையறையில் சிபேப் கருவி அவன் கண்ணில் பட்டது. "இஸ்மே பி ஃபில்டர் ஹோதா ஹோகா?" என்று கேட்டான். இதிலும் பில்டர் இருக்குமே என்று.

அவனே மூடியைக் கண்டுபிடித்துத் திறந்தான். உள்ளே இருந்தது வெள்ளைத் துண்டல்ல. அடுப்புக்கரி பூசிய கம்பளித் துண்டு. கையில் எடுத்தபோது தூள் உதிர்ந்தது. இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பத்தாம் வகுப்பு கூடப் படிக்காத பையனுக்குத் தோன்றிய கேள்வி, முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணி செய்த எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரத்தோடு வந்த பையைக் குடைந்து பார்த்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள், பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், புத்தம் புதிய பில்டர் ஒன்று பதினாறு மாதங்களாக எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். "மாத்த வேண்டியதுதானே சார், யாரும் சொல்லலையா?" என்று இந்தியில் கேட்டார்கள். யார் சொல்லியிருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. மற்ற அன்பர்களிடம் விசாரித்த வரையில் வெவ்வேறு கடைகளில் வாங்கிய அவர்களுக்கும் இதே அனுபவம்தான்.

அந்தத் துண்டின் வேலை என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். சிபேப் கருவி ஆக்சிஜன் தருவதில்லை. பலர் அப்படி நினைக்கிறார்கள். நம் அறையில் இருக்கும் அதே காற்றை உறிஞ்சி, ஓர் அழுத்தத்தில் மூக்குக்குள் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டையை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன். அவரும் அவருடைய சகாக்களும் ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அப்போது அவர்கள் காற்றடிக்கப் பயன்படுத்தியது, வீட்டைத் துப்புரவு செய்யும் வேக்குவம் கிளீனரின் மோட்டாரை. நானோ நாற்பது ஆண்டு முன்னேற்றத்தைப் பின்னோக்கித் திருப்பி, என் சிபேப்பை மறுபடியும் வேக்குவம் கிளீனராக்கித் தில்லித் தூசியைச் சேகரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. நாம் விடும் மூச்சு வெளியேற மாஸ்க்கில் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று விடாமல் கசிந்துகொண்டே இருப்பதால், நாம் சுவாசிப்பதைவிடப் பல மடங்கு காற்றை இயந்திரம் இழுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்தில் 14,400 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி கொண்ட ஓர் அறையின் காற்றில் இது ஏறத்தாழப் பாதி. மாதத்தில் பதினைந்து அறைகளின் காற்று அந்தத் தபால்தலையின் வழியாகப் போகிறது! அது கறுக்காமல் என்ன செய்யும்?

அது அடைத்துக்கொண்டால், அதே அழுத்தத்தைத் தர மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும், சத்தம் போடும். துண்டு நைந்தாலோ கிழிந்தாலோ தூசி உள்ளே போகும், மோட்டாரில் படியும், தண்ணீர்த் தொட்டியில் படியும், கடைசியில் நம் மூக்கில் படியும். இதில் கொடுமை என்னவென்றால், மூக்கடைத்தவர் இயந்திரத்தைக் குறை சொல்வார். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பரணில் ஏற்றிவிடுவார். நோய் பரணில் ஏறாது.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. மயூர் விஹாரில் இருக்கும் என் நண்பர் ஒருவர், அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், நான் அண்ணா என்று அழைப்பவர், இயந்திரம் வாங்கி இரண்டாண்டு பயன்படுத்தினார். 2021 குளிர்காலத்தில், நாற்றமடிக்கிறது, மூக்கு அடைக்கிறது என்று நிறுத்திவிட்டார். டாக்டரிடமும் சொல்லவில்லை. 2022 மார்ச்சில், நொய்டாவிலிருந்து காரில் திரும்பும்போது பட்டப்பகலில் கண்ணயர்ந்து, சாலை நடுவே இருக்கும் தடுப்பில் மோதினார். தெய்வாதீனமாக மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கப் போனபோது, பரணிலிருந்து அந்த இயந்திரத்தை இறக்கச் சொல்லி மூடியைத் திறந்தேன். என்னுடைய பில்டரின் இரட்டைப் பிறவி உள்ளே இருந்தது.

பில்டர்தான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, வயது எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு புது பில்டர் போட்டிருந்தால் அண்ணா இயந்திரத்தை நிறுத்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இன்று அவர் அதைப் பயன்படுத்துகிறார். நாற்றமில்லை, அடைப்பில்லை என்கிறார்.

இனி, எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது? இங்கேதான் குழப்பம். ஒரு நிறுவனத்தின் கையேடு, மெல்லிய பில்டரை 30 இரவுகளுக்கு ஒரு முறை, அதற்கு முன்பே அழுக்கானால் உடனே, மாற்றச் சொல்கிறது. இன்னொன்று, மாதம் ஒரு முறை பாருங்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்கிறது. ஆறு மாதம் என்பதைப் பிடித்துக்கொண்டு நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். அது மேல் எல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

நாம் இருப்பது தில்லியில். நுண்தூசி ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவு. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு அளவு 60. குளிர்காலத்தில் அந்த அறுபதையும் பல மடங்கு தாண்டும் நாட்கள் எத்தனை என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் ஆந்தி, மூடிய ஜன்னலுக்குள்ளும் மேஜை மேல் மண்ணைத் தூவிவிட்டுப் போகும். போதாததற்கு நம் வீட்டிலேயே ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, தாளிப்புப் புகை, குளித்த பின் போடும் பவுடர். ஆகவே புத்தகத்திலுள்ள தேதியைவிட நம் கண்ணை நம்ப வேண்டும் என்பதே என் கட்சி. ஒவ்வோர் ஆங்கில மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காபி குடித்த கையோடு, மூடியைத் திறந்து பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சாம்பல் நிறம் ஏறியிருந்தால் குப்பைக்கூடை. அக்டோபர் முதல் ஜனவரி வரை பார்ப்பதுகூட இல்லை. மாதம் தவறாமல் மாற்றிவிடுகிறேன்.

இதற்கு வரும் மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நானே ஒரு காலத்தில் சொன்னவைதான்.

முதலாவது, "கழுவிப் போட்டால் என்ன?" என்பது. நாம் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைக்கும் பரம்பரை. நானும் கழுவினேன். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, பால்கனியில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். வெளுத்தது உண்மை. ஆனால் இழைகள் பிரிந்து, பஞ்சு பறந்து, பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விட்டது. அந்த இடைவெளி போதும் தூசிக்கு. ஈரம் தங்கினால் பூஞ்சையும் பிடிக்கும். தட்டிவிட்டுப் போடுவதும், திருப்பிப் போடுவதும் இதே ரகம். சில கருவிகளில் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஸ்பாஞ்சு போன்ற இன்னொரு பில்டர் இருக்கும். கழுவக்கூடியது அது மட்டுமே. அதையும் நன்றாக உலர்ந்த பிறகே திரும்ப வைக்க வேண்டும்.

இரண்டாவது, "இது கடைக்காரன் பிழைப்பு" என்பது. ஓரளவு உண்மை. அழுக்கே ஏறாத பில்டரையும் மாற்றச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன். சாந்தினி சௌக் பகீரத் பேலஸ் சந்துகளில் அலைந்து, மாதிரியைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து, ஆறு பில்டர்களை ரூ.600-க்கு வாங்கினேன். மாதத்துக்கு நூறு ரூபாய். நாற்பத்தெட்டாயிரம் கொடுத்தவன் நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பது, ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பது போலத்தான். ஆனால் விலை குறைவு என்று அளவு பொருந்தாததை வாங்காதீர்கள்.

மூன்றாவது, "அப்படியானால் பில்டரே காற்றைச் சுத்தம் செய்துவிடுகிறதே, நல்லதுதானே" என்பது. அந்த மயக்கமும் வேண்டாம். இது தூசிக்கும் மகரந்தத்துக்கும் போட்ட வேலி. வண்டிப் புகையிலுள்ள வாயுக்களை அது தடுக்காது. இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று கைக்குட்டையையோ பஞ்சையோ காற்று நுழையும் வாயில் சேர்த்துக் கட்டுவதும் தவறு, காற்றோட்டம் தடைபடும். பில்டரே இல்லாமல் ஒரு நாள் ஓட்டினால் என்ன என்பதும் கூடாது.

நான்காவது, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றதைச் சொல்லி, "பில்டர் மாற்றி என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். அது வேறு விஷயம். அப்போது பிரச்சினைக்குள்ளானது, கருவியின் உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த ஒருவகை பாலியூரித்தேன் நுரை. அது சிதையக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். அதை நாம் திறந்து மாற்ற முடியாது. நாம் மாற்றக்கூடியது பில்டர். அந்தக் காலத்துக் கருவி யாரிடமாவது இருந்தால், அது பட்டியலில் உண்டா என்று டாக்டரிடமும் விற்றவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்.

மாற்றும் முறை மிக எளிது. இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மூடியைத் திறந்து பழையதை மெல்ல எடுங்கள். அங்கேயே உதறவோ ஊதவோ வேண்டாம். பிழிந்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டுப் புதியதை ஓரம் மடியாமல் வையுங்கள். மூடியின் மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. இயந்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள். திரைச்சீலைக்குப் பக்கத்திலும், கூலரின் ஈரக்காற்று படும் இடத்திலும் வைக்காதீர்கள். தலையணையைவிடத் தாழ்வான ஒரு முக்காலி போதும். தொட்டித் தண்ணீர் குழாயில் ஏறாது.

இது தனிமனிதர் கவனக்குறைவு மட்டுமல்ல என்பதால்தான் இதழில் எழுதுகிறேன். நம் நாட்டில் உறக்க மூச்சுத் தடை உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் கணித்திருக்கிறார்கள். அதில் சிறு பங்கினர் இயந்திரம் வாங்கினாலும் லட்சக்கணக்கில் ஆகும். இயந்திரத்தை எழுதிக் கொடுக்கும் டாக்டர், மருந்துச் சீட்டில் "மாதம் ஒரு முறை பில்டர் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். விற்பவர், வாங்குபவரின் கையாலேயே ஒரு முறை மூடியைத் திறந்து மூட வைக்கலாம். கையேட்டில் இந்திய மொழிகளில் ஒரு பக்கமாவது சேர்க்கச் சொல்லி நாம் கேட்கலாம். கேட்காமல் கிடைக்காது.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். இந்த இயந்திரம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருபது பேராவது இருப்பார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறோமா? நூலகத்தில் ஒரு நோட்டு வைத்தால், எந்தக் கருவிக்கு எந்த பில்டர் என்று எழுதி, சேர்ந்து வாங்கலாம். வயதானவர்கள் பகீரத் பேலஸ் நெரிசலில் அலைய வேண்டியதில்லை. அலைவதற்கு நான் இருக்கிறேன். தனியாக வசிக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போய் அந்த மூடியைத் திறந்து பார்க்க நம் இளைஞர்கள் இரண்டு பேர் முன்வந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் புனேயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அந்த மூடி தெரிவதில்லை, குனியவும் முடிவதில்லை.

நம் வீடுகளில் காபி பில்டரைக் கழுவாமல் அடுத்த நாள் டிகாக்ஷன் போடுவதில்லை. தண்ணீர் பில்டருக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறோம். ஸ்கூட்டருக்குக்கூட ஏர் பில்டர் மாற்றுகிறோம். நுரையீரலுக்குப் போகும் காற்றை மட்டும் பதினாறு மாத அழுக்கின் வழியாக இழுக்கிறோம்.

இதைப் படித்து முடித்ததும் இதழை மூடிவிட்டு, இன்னொரு மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். கறுப்பாக இருந்தால், பையின் பக்கவாட்டு ஜிப்பில் தேடுங்கள், ஒன்று காத்துக்கொண்டிருக்கலாம்.